108-ல ஈஎம்டி வேலைக்குப் போகலாமா? உள்ள இருக்கறவங்க உண்மையச் சொல்லுங்க

முசிறிப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் பிஎஸ்சி மைக்ரோபயாலஜி, முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, வயசு 23. இப்ப திருச்சில ஒரு சின்ன லேப்ல இருக்கேன், மாசம் பதினொண்ணாயிரம், பஸ்சுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்குமே பாதி கரைஞ்சிடுது. போன வாரம் 108-க்கு ஆள் எடுக்கற கேம்ப்னு ஒரு நோட்டீஸ் பார்த்தேன். டிரைவர் வேலையும் இருக்கு, ஈஎம்டி வேலையும் இருக்கு (அதான், வண்டில கூடவே வந்து முதலுதவி பார்க்கறவங்க), ஈஎம்டிக்கு நர்சிங் மட்டும் இல்லாம மைக்ரோபயாலஜி, விலங்கியல், டிஎம்எல்டி (லேப் டெக்னீசியன் டிப்ளமோ), பார்மசி படிச்சவங்களும் வரலாம்னு போட்டிருந்துச்சு. அப்பலேருந்து மனசு அங்கயே நிக்குது.

காரணம் என்னன்னா எங்க தாத்தா. ரெண்டு வருஷம் முன்னாடி காலையில எழுப்பினா எழும்பல, உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது, வாய் கோணிக்கிட்டு இருக்கு, பாட்டி ஒப்பாரியே வைக்க ஆரம்பிச்சிட்டாங்க. 108 வந்துச்சு, அதுல வந்த அண்ணன் விரல்ல குத்தி சுகர் பார்த்தாரு, மிஷின்ல நம்பரே வரல லோன்னு காட்டுச்சு, போன்ல யாரோ டாக்டர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு கையில ஊசி வழியா குளுக்கோஸ் ஏத்தினாரு. அஞ்சு நிமிஷம் கூட இருக்காது, தாத்தா கண்ணத் தெறந்து "யார்ரா இவனுங்க, வீட்டுக்குள்ள செருப்போட நிக்கிறானுங்க"ன்னு கேட்டாரு. எங்களுக்கு அழறதா சிரிக்கறதான்னு தெரியல.

அப்பா ஒத்துக்க மாட்டேங்கறாரு. பொம்பளப் புள்ள நடுராத்திரில ரத்தத்துலயும் சதையிலயும் கைய விட்டுக்கிட்டுத் திரியணுமாங்கறாரு. அம்மா புண்ணியமான வேலைங்கறாங்க, ஆனா அவங்களும் "கல்யாணத்துக்கு அப்புறம்?"னு இழுக்கறாங்க. நான் கேக்கறது, நெஜமா அந்த வேலை எப்படி இருக்கும், சம்பளம் கட்டுபடியாகுமா, பொண்ணுங்களுக்கு சரிப்படுமா, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு நான் எங்க போய் நிப்பேன். சேவை அது இதுன்னு பொதுவா சொல்லாதீங்க ப்ளீஸ், உள்ள இருந்தவங்க சொல்லுங்க.

பழைய_ஈஎம்டி:

தங்கச்சி, நான் ஆறு வருஷம் ஈஎம்டியா இருந்தவன், ராமநாதபுரத்துல நாலு வருஷம் தர்மபுரியில ரெண்டு வருஷம். இப்ப வெளிய வந்துட்டேன், ஏன்னு அப்புறம் சொல்றேன். மொதல்ல உங்க தாத்தா விஷயம். அது இந்த வேலையோட பெஸ்ட் கேஸ். லோ சுகர் கேஸ் மாதிரி திருப்தி எதுலயும் கெடையாது, செத்துட்டாருன்னு நெனச்ச மனுசன் எழுந்து உக்காந்து காபி கேப்பாரு, சில பேரு ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன்னு நம்மளத் திட்டி அனுப்பிடுவாங்க. ஆனா அதப் பார்த்துட்டு வேலைக்கு வர்றது கல்யாணப் பந்திய மட்டும் பார்த்துட்டு சமையலுக்குப் போற மாதிரி.

ஒரு நாள் எப்படிப் போகும்னா, பகல் ஷிப்ட் இல்ல ராத்திரி ஷிப்ட், பன்னெண்டு மணி நேரம், மாறி மாறி வரும். வண்டில நீங்களும் பைலட்டும் ரெண்டே பேரு (டிரைவர்னு யாரும் சொல்றதில்ல, பைலட்னுதான் சொல்வோம், நீங்களும் அப்படியே பழகிக்கங்க, அவருதான் உங்க உசுரு). போன் கால் சென்னை கன்ட்ரோல் ரூமுக்குப் போய் அங்கேருந்து பக்கத்துல எந்த வண்டி சும்மா நிக்குதோ அதுக்கு வரும். டிவில காட்டற மாதிரி ஆக்சிடென்ட் ஆக்சிடென்ட்டா வராது. பாதி வேலை ஐஎஃப்டி, அதாவது சின்ன ஆஸ்பத்திரிலேருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது. அப்புறம் பிரசவம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பூச்சி மருந்து, பாம்பு, குடிச்சிட்டு ரோட்ல கெடக்கறவன், ஒண்ணுமே இல்லாம ஊருக்குப் போக வண்டி கெடைக்கலன்னு போன் பண்றவன். ஆமா அப்படியும் இருக்கானுங்க, "வயித்து வலி"ன்னு ஏறி பஸ் ஸ்டாண்டு வந்ததும் "சரியாயிடுச்சு எறக்கி விட்டுருங்க"ம்பான்.

ரத்தத்தப் பத்தி உங்க அப்பா பயப்படறாரு. ரத்தம் ஒரு மாசத்துல பழகிடும், நான் கேரண்டி. பழகாதது வேற. தொப்பூர் கணவாய்ல லாரி ஆக்சிடென்ட் நெறய பார்த்தவன் நான், அதெல்லாம் ஞாபகம் கூட சரியா இல்ல. ஆனா ஒரு வீட்ல ஏற்கனவே உசுரு போன ஒரு அம்மாவ நாங்க ஏத்த முடியாதுன்னு சொன்னப்ப அவங்க பையன் என் கால்ல விழுந்தான் பாருங்க, அது இன்னும் போகல. 108-ல எறந்தவங்கள ஏத்தக் கூடாது, அதுக்கு 155377-னு அமரர் ஊர்தி தனியா இருக்கு. ரூல் சரிதான், நாங்க ஒரு பாடிய ஏத்திக்கிட்டுப் போற நேரத்துல பக்கத்துல ஒருத்தனுக்கு நெஞ்சு வலி வந்தா வண்டி இருக்காது. ஆனா அத அந்தப் பையன்கிட்ட நிறுத்தி நிதானமா சொல்ல முடியுமா, அவன் "இன்னொரு தடவ நெஞ்ச அமுக்குங்கண்ணே, அமுக்குங்கண்ணே"ங்கறான்.

அடுத்தது இடுப்பு. இத யாரும் நோட்டீஸ்ல போடமாட்டாங்க. ஹவுசிங் போர்டு மூணாவது மாடி, லிப்ட் கெடையாது, ஸ்ட்ரெச்சர் திரும்பாது, தொண்ணூறு கிலோ ஆளு. பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு பெட்ஷீட்டால கட்டி படி படியா எறக்கணும். சுத்தி இருபது பேரு நிப்பான், பதினெட்டு பேரு வீடியோ எடுப்பான். எனக்கு இடுப்பு எலும்புல, எல்4 எல்5-ல டிஸ்க் போச்சு, நான் வெளிய வந்ததுக்குக் காரணம் அதுதான், மனசு கஷ்டமோ சம்பளமோ இல்ல. மொத நாள்லேருந்தே முழங்கால மடக்கித் தூக்கப் பழகுங்க, வீராப்பு காட்டாதீங்க, ஊர்க்காரங்கள அதட்டி வேலை வாங்குங்க.

ஸ்டியரிங்சாமி:

நான் பைலட், ஆனா 108 இல்ல, பிரைவேட் ஆம்புலன்ஸ், மதுரை பக்கம். தங்கச்சி ஒண்ணே ஒண்ணு சொல்றேன், எங்க வேணா போங்க பிரைவேட் ஆம்புலன்சுக்கு மட்டும் ஈஎம்டியா போயிராதீங்க. எல்லாரும் அப்படின்னு சொல்லல, நான் மொதல்ல இருந்த எடத்துல ஈஎம்டின்னு பேருக்கு ஒரு பையன உக்கார வச்சிருந்தாங்க, அவனுக்கு பிபி பார்க்கவே தெரியாது, யூனிபார்ம் மட்டும் அயர்ன் பண்ணி மாட்டிருப்பான். எந்த ஆஸ்பத்திரில கேஸ எறக்குனா என்ன கெடைக்கும்ங்கறதுதான் பேச்சே. எனக்குப் புடிக்கல, மாறிட்டேன். இப்ப இருக்கற எடம் பரவால்ல.

108-காரங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல, நோயாளிகிட்ட காசு வாங்கற வேலையே கெடையாது, அது பெரிய நிம்மதி. காசு பேசிட்டு சைரன் போடறது எவ்ளோ கேவலமா இருக்கும்னு அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும்.

அப்புறம் ரோடு. ஆம்புலன்சுக்கு வழி விடலன்னா பத்தாயிரம் ரூபா அபராதம்னு 2019-ல சட்டம் கொண்டு வந்தாங்க. வழி விடறதுல நம்ம சனங்க மோசம் இல்ல, உண்மையச் சொல்லணும், கூட்டத்துல கூட ஒதுங்குவாங்க. பிரச்சனை என்னன்னா நமக்குப் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வர்ற பைக்கும் காரும். ஓசில ரோடு கெடைக்குதுல்ல. ஒரு பிரேக் அடிச்சா நாலு பேரு உள்ள வந்துருவான். பெல்ட் போடாம பின்னாடி நின்னுக்கிட்டே நெஞ்ச அமுக்கி சிபிஆர் பண்ற ஈஎம்டிய நெனச்சு நெனச்சுதான் நான் பிரேக்க மிதிப்பேன்.

மலைவண்டி_அக்கா:

பாப்பா, நான் இப்பவும் டூட்டில இருக்கற ஆளு, ஏழாவது வருஷம், நாலு வருஷமா ஜவ்வாது மலைப் பக்கம். அந்தப் பழைய ஈஎம்டி தம்பி சொன்னது எல்லாம் நெசம். பொண்ணுங்களுக்கு சரிப்படுமான்னு கேட்டல்ல, அத நான் சொல்றேன்.

ராத்திரில பயமான்னா, சனங்ககிட்ட பயம் இல்ல. யூனிபார்மப் போட்டுக்கிட்டு எறங்குனா எந்தக் குடிகாரனும் ஒதுங்கித்தான் நிக்கறான், ஒண்ணு ரெண்டு பேரு வாய் பேசுவான், பைலட் பார்த்துக்குவாரு. நல்ல பைலட் அமையறது நல்ல மாமியார் அமையற மாதிரி, நம்ம கையில இல்ல. எனக்கு அமைஞ்சிருக்காரு, என் அப்பா வயசு, டீ குடிக்காம என்னை எந்த கேசுக்கும் கூட்டிட்டுப் போகமாட்டாரு. கஷ்டம்னா பாத்ரூம்தான். வண்டி நிக்கிற எடத்துல ஒழுங்கா ஒரு பாத்ரூம் இருக்கா, பூட்டு யார்கிட்ட இருக்கு, ராத்திரி தெறப்பாங்களா, எங்க போஸ்டிங் போட்டாலும் இதத்தான் மொதல்ல விசாரிக்கணும். மாசத்துல அந்த மூணு நாளு ஐஎஃப்டி விழுந்து நூறு கிலோமீட்டர் போயிட்டு வர்றப்ப தெரியும் நான் எதுக்கு சொல்றேன்னு. தண்ணி குடிக்காம இருந்து இருந்து யூரின் இன்பெக்ஷன் வராத லேடி ஈஎம்டிய நான் பார்த்ததே இல்ல.

ஆனா பாப்பா, பொம்பளையா இருக்கறது இந்த வேலைல ஒரு பலம். பிரசவ கேசுக்கு நான் ஏறுனதுமே அந்தப் பொண்ணு மூஞ்சில ஒரு தெளிவு வரும், அதுவே பாதி வைத்தியம். மலையிலேருந்து எறங்கறப்ப கொண்டை ஊசி வளைவுல வண்டிய ஓரம் கட்டி எத்தன பிரசவம் பார்த்திருக்கேன்னு கணக்கு வைக்கறத விட்டுட்டேன். போன மழைக்காலத்துல ஒண்ணு, தலை தெரிய ஆரம்பிச்சிடுச்சு, பைலட் அண்ணன் வண்டிய நிறுத்தி ஹசார்டு லைட்டு போட்டுட்டு வெளிய நின்னுக்கிட்டாரு, கொழந்த வந்துச்சு, அழல. தொடச்சேன், முதுகத் தேய்ச்சேன், உள்ளங்கால்ல தட்டுனேன், அழல. சின்ன ஆம்பு பேக், அதான் அமுக்கி காத்து ஏத்தற பை, எடுத்து மெதுவா மூச்சுக் குடுக்கறேன், என் கை எனக்கே தெரியல. அப்ப ஒரு சத்தம் வந்துச்சு பாரு, பூனக்குட்டி கத்தற மாதிரி. உடனே அந்தக் கெழவி, அந்தப் பொண்ணோட மாமியா, அதுவரைக்கும் சாமிய கூப்பிட்டுக்கிட்டு இருந்தது, என்னைப் பார்த்து கேட்ட மொதக் கேள்வி "மணி என்னம்மா, நேரம் குறிச்சியா?" ஜாதகம் எழுதணும்ல. நான் குறிச்சிருந்தேன், பழக்கம், கேஸ் ஷீட்லயும் அது வேணும். ராத்திரி 2.17.

அதுக்கப்புறம் நடந்தத யாரும் கேக்கமாட்டாங்க, நானே சொல்றேன். ஆஸ்பத்திரில தாயையும் புள்ளையையும் ஒப்படைச்சிட்டு, கையெழுத்து வாங்கிட்டு, வெளிய வந்து வண்டிய கழுவணும். ஹைப்போன்னு கிருமி நாசினி, அத ஊத்தி தரை, ஸ்ட்ரெச்சர், சந்து பொந்து எல்லாம் நாமளேதான். கழுவி முடிக்கல, அடுத்த கேஸ் வந்துடுச்சு. புண்ணியம்னு உங்கம்மா சொல்றதுல இந்தக் கழுவற வேலையும் சேர்த்திதான்.

கல்யாணம் பத்தி, என் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சுதான் கட்டுனாரு. என் கூட சேர்ந்தவங்கள்ல பாதிப் பேரு மொதக் கொழந்தையோட நின்னுட்டாங்க. தமிழ்நாட்டுல எந்த மாவட்டத்துக்கு வேணா போகணும்னு சொல்லித்தான் எடுக்கறாங்க, அத மறந்துடாத. பக்கத்து ஊர்லயே கெடைக்கும்னு யாராவது சொன்னா நம்பாத.

எமர்ஜென்சிகேர்_ஸ்டூடண்ட்:

அக்கா ஒரு விஷயத்த யாரும் சொல்லல, நான் சொல்றேன், கோச்சுக்காதீங்க. நம்ம ஊர்ல பாராமெடிக்கல்னா லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ், கார்டியாக் டெக்னீசியன் எல்லாத்தையும் சேர்த்து சொல்றாங்க. வெளிநாட்டுல பாராமெடிக்னா ஆம்புலன்ஸ்ல வர்ற ஆள் மட்டும்தான். இந்தக் கொழப்பத்துல நெறய பேரு "108-ல ரெண்டு வருஷம் இருந்தா லண்டன் போயிடலாம்"னு நெனைக்கறாங்க. முடியாது. இங்கிலாந்துல பாராமெடிக்ங்கற பேரையே பதிவு பண்ணவங்க மட்டும்தான் போட்டுக்க முடியும், எச்சிபிசின்னு ஒரு அமைப்பு, அதுக்கு இப்ப டிகிரி லெவல்ல அதே படிப்பு வேணும். துபாய் பக்கம் போறதுன்னாலும் படிப்பு, அனுபவம் ரெண்டையும் டேட்டாஃப்ளோன்னு சர்ட்டிபிகேட் சரிபார்க்கற கம்பெனில சரிபார்த்து, அப்புறம் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கணும். 108-ல குடுக்கற ஐம்பது நாள் ட்ரெயினிங் சர்ட்டிபிகேட்ட மட்டும் வச்சுக்கிட்டு அங்க நின்னா கஷ்டம்.

நான் படிக்கறது பிஎஸ்சி ஆக்சிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர் டெக்னாலஜி, எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குக் கீழ வர்ற கோர்ஸ், மூணு வருஷம் அப்புறம் ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். பிளஸ் டூ முடிச்சவங்களுக்கு இதுதான் நேர் ரூட்டு. 2021-ல வந்த அலைடு ஹெல்த்கேர் சட்டத்துல எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட்னு தனியா பேரு சேர்த்திருக்காங்க, அதனால பதிவு, தகுதி எல்லாம் இனிமே கெடுபிடி ஆகும்னு எங்க சார் சொல்றாரு. நீங்க ஏற்கனவே ஒரு டிகிரி முடிச்சிட்டீங்க, மறுபடியும் நாலு வருஷமான்னு தோணும், புரியுது. ஆனா மைக்ரோபயாலஜிய வச்சுக்கிட்டு ஈஎம்டி ஆனா மேல போற படி கம்மி, இத நல்லா யோசிங்க.

முசிறிப்பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ நீளமா எழுதுவீங்கன்னு நெனைக்கல. பாத்ரூம் விஷயம் எனக்குத் தோணவே இல்ல அக்கா. பழைய ஈஎம்டி அண்ணா, சம்பளம் பத்தி யாரும் சொல்லலயே? நோட்டீஸ்ல இருபதாயிரத்த ஒட்டி ஏதோ போட்டிருந்துச்சு. அப்புறம் ஒண்ணு, கேஸ் எறக்கி விட்ட பிறகு அவங்க பொழச்சாங்களா இல்லையான்னு உங்களுக்குத் தெரியுமா? எங்க தாத்தாவப் பார்த்த அண்ணன் பேரு கூட எங்களுக்குத் தெரியாது, அதான் கேக்கறேன்.

கிளிநொச்சி_கிரி:

நான் இலங்கையில 1990 சுவசெரிய ஆம்புலன்சில வேலை செய்யிறன் தங்கச்சி, உங்கட 108 மாதிரித்தான், இந்திய உதவியோட 2016ல மேல், தென் மாகாணங்களில துவங்கி 2018ல வடக்குக்கும் வந்தது. முதல் செட் ஆக்கள் ஹைதராபாத் போய்த்தான் பயிற்சி எடுத்தவை, அதால நீங்கள் சொல்லுற பைலட், ஈஎம்டி எல்லாச் சொல்லும் எங்களுக்கும் அதேதான், வாசிக்கச் சிரிப்பாய் இருந்தது.

எங்கட பக்கம் வித்தியாசம் ரெண்டு. ஒண்டு பாஷை. தென்பக்கம் போஸ்டிங் விழுந்தால் நோயாளிக்கு எங்க நோகுது எண்டு கேக்கவே சிங்களம் வேணும், நான் முதல் ஆறு மாசம் கையால காட்டித்தான் சமாளிச்சனான். மற்றது யானை. வன்னியில இரவு றோட்டில யானை நிண்டால் லைட்டைக் குறைச்சுப்போட்டு பேசாமல் நிக்கவேண்டியதுதான், பின்னால நெஞ்சுவலிக்காரர் கிடக்கிறார், அவருக்கு ஒக்சிஜன் குடுத்துக்கொண்டு "ஒண்டுமில்லை ஐயா, ட்ராபிக்" எண்டு சொன்னனான். அவர் "வன்னியில என்னடா ட்ராபிக்" எண்டு கேட்டவர்.

போர் முடிஞ்ச சனம், ஆஸ்பத்திரிக்குப் போறதெண்டால் முந்தி லான்ட்மாஸ்டர் எண்ட சின்ன உழவு மெஷினிலயும் சைக்கிளிலயும் ஏத்திக்கொண்டு போனதுகள். இப்ப ஒரு போனுக்கு வாகனம் வருகுது, காசும் இல்லை. அந்த முதியவர்கள் கையைப் பிடிச்சு "தம்பி சாப்பிட்டியே" எண்டு கேக்கேக்க அலுப்பெல்லாம் போயிரும். சம்பளத்தை நினைச்சால் திரும்பி வரும், அது வேற கதை.

பழைய_ஈஎம்டி:

தங்கச்சி சம்பளம், நோட்டீஸ்ல போட்டதுதான், இருபதாயிரத்த ஒட்டி. நான் சேர்ந்தப்ப அதுல பாதி. தனி ஆளா இருந்தா, தங்கற எடம் செலவில்லாம அமைஞ்சா ஓடும். குடும்பத்த அத மட்டும் வச்சு ஓட்டறது கஷ்டம், என் கூட இருந்த பைலட் லீவு நாள்ல ஆட்டோ ஓட்டுவாரு. அந்த மாணவத் தம்பி சொன்ன விஷயம் சரி, படி கம்மி. நர்சிங் முடிச்சவங்க எம்ஆர்பி எக்ஸாம் (அரசு மருத்துவ வேலைக்கான பரீட்சை) எழுதி ஸ்டாப் நர்சா போயிடறாங்க, அவங்களுக்கு 108 ஒரு நல்ல ட்ரெயினிங் கிரவுண்டு மாதிரி. நம்மள மாதிரி சயின்ஸ் டிகிரிக்காரங்க அங்கயே நின்னுடுவோம், இல்லன்னா ட்ரெயினரா, கன்ட்ரோல் ரூம்லயா, சூப்பர்வைசராவா போகலாம், ஆனா சீட்டு எத்தன இருக்கும் சொல்லுங்க.

நீங்க கேட்ட ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். தெரியாது. இந்த வேலைல எனக்குப் பெரிய கொறை எதுன்னு கேட்டா இதான், பத்துல ஒம்பது பேரு என்ன ஆனாங்கன்னு தெரியாது. எறக்கிவிட்டதும் அடுத்த கேஸ், அடுத்த ஊரு. மொதல்ல எல்லாம் நான் மறுநாள் போன் பண்ணி வார்டுல விசாரிப்பேன், நர்சுங்க "எந்த கேஸ் தம்பி, நேத்து நாப்பது வந்துச்சு"ம்பாங்க. அப்புறம் விட்டுட்டேன்.

ஒரே ஒரு தடவ தெரிஞ்சுது. கமுதி பக்கம் ஒரு கிராமம், வெயில் காலம், தரையில படுத்துத் தூங்குன ஆளு, விடியக்காலைல வயித்து வலின்னு எழுந்திருக்காரு. வீட்ல சோடா குடுத்திருக்காங்க. நாங்க போறப்ப கண் இமை ரெண்டும் பாதி மூடிக் கெடக்கு, எச்சில் முழுங்க முடியல, பேச்சு கொழறுது. கடிச்ச எடமே தெரியல. கட்டு விரியன் அப்படித்தான், கொசு கடிச்ச மாதிரி இருக்கும், வீக்கம் இருக்காது, நரம்பத்தான் புடிக்கும். போன்ல டாக்டர்கிட்ட சொன்னதும் அவரும் அதேதான் சொன்னாரு. பக்கத்து ஆஸ்பத்திரில பாம்பு மருந்து ஏத்த ஆரம்பிச்சு, மூச்சு கொறையுதுன்னு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க. பாதி வழியில மூச்சு நின்னுடுச்சு. ஆம்பு பேக்க மூஞ்சில வச்சு ஆறு செகண்டுக்கு ஒரு அமுக்கு, நாப்பது நிமிஷம். எண்ணிப் பாருங்க, நானூறு அமுக்கு. கட்டை வெரல் மரத்துப் போய் இன்னொரு கைய வச்சு அந்தக் கைய அமுக்கினேன். அவரு சம்சாரம் எதிர்ல உக்காந்து நான் அமுக்கற ஒவ்வொரு தடவைக்கும் தானும் மூச்ச இழுத்துக்கிட்டே வந்தாங்க. வென்டிலேட்டர்ல போட்டாங்கங்கறது வரைக்கும்தான் தெரியும்.

அடுத்த வருஷம் பரமக்குடில ரோட்டோரம் ஒருத்தர் நுங்கு வெட்டிக்கிட்டு இருந்தாரு. பக்கத்துல அந்த அம்மா. எனக்கு அந்த அம்மா மூஞ்சி மறக்கவே இல்ல, அப்புறம்தான் இவரப் பார்த்தேன், அவரேதான். அவருக்கு என்னைத் தெரியாது, எப்படித் தெரியும், அவரு அன்னிக்கு மயக்கத்துலதான கெடந்தாரு. அந்த அம்மாவும் யூனிபார்ம் இல்லாம என்னைக் கண்டுபுடிக்கல. சொல்லலாமான்னு ரெண்டு நிமிஷம் நின்னேன், சொல்லல. டஜன் நுங்கு வாங்கினேன். வெலை ஜாஸ்தி சொன்னாரு, பேரம் பேசிட்டுத்தான் வாங்கினேன்.

ஆக்சிடென்ட் கேஸ் பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. முன்னாடியெல்லாம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னு வண்டிக்குள்ளயே சொந்தக்காரங்க சண்டை போடுவாங்க, காசு இருக்கா இல்லையான்னு. 2021 டிசம்பர்ல இன்னுயிர் காப்போம் திட்டம் வந்த பிறகு, லிஸ்ட்ல இருக்கற ஆஸ்பத்திரின்னா மொத 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசாங்கமே பணம் கட்டுது, பிரைவேட்டா இருந்தாலும். வெளிய இருக்கறவங்களுக்கு அது ஒரு திட்டம், வண்டிக்குள்ள இருக்கறவனுக்கு ஒரு பெரிய தகராறு கொறைஞ்சுது.

ஸ்டியரிங்சாமி:

நுங்குக்குப் பேரம் பேசுன ஆளு நீங்கதானா. நெஞ்சுல ஈரமே இல்லையா உமக்கு.

பழைய_ஈஎம்டி:

அப்ப என் சம்பளம் பன்னெண்டாயிரம் சாமி.

மலைவண்டி_அக்கா:

தூக்கத்தப் பத்தி யாரும் எழுதலயே, நான் எழுதிடறேன். ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்து பகல்ல தூங்கறது ஒரு வித்தை, கொழா தண்ணி வர்ற நேரம், மீன்காரன், பக்கத்து வீட்டு மிக்ஸி, எல்லாத்தையும் தாண்டித் தூங்கணும். அதோட சில கேஸ் தூக்கத்துல வரும். எனக்கு ஒரு கொழந்த கேஸ், கெணத்துல விழுந்தது, அதுக்கப்புறம் ரெண்டு மாசம் என் புள்ளைய தொட்டித் தண்ணி கிட்டயே விடல, ராத்திரில எழுந்து அது மூச்சு விடுதான்னு மூக்குல வெரல் வச்சுப் பார்ப்பேன். வீட்டுக்காரரு பயந்துட்டாரு. அப்புறம் 14416-க்கு போன் பண்ணேன், டெலிமானஸ்னு அரசாங்க மனநல நம்பர், தமிழ்லயே பேசினாங்க, ரெண்டு மூணு தடவ பேசுன பிறகு கொஞ்சம் எறங்குச்சு. ஆம்பளைங்க நெறய பேரு இதுக்கு பாட்டில்தான் மருந்துன்னு இருக்காங்க, அப்படிப் போனவங்களையும் பார்த்திருக்கேன். வெக்கப்படாம பேசிடு பாப்பா, யார்கிட்டயாவது.

முசிறிப்பொண்ணு:

அக்கா, இவ்ளோத்துக்கு அப்புறமும் நீங்க ஏழு வருஷமா ஏன் இருக்கீங்க? தப்பா எடுத்துக்காதீங்க.

மலைவண்டி_அக்கா:

தப்பா என்ன இருக்கு. சொல்லத் தெரியல, நெசமா. லீவு எடுத்து வீட்ல இருந்தா சைரன் சத்தம் கேட்டா கை தானா க்ளவுஸ் தேடுது. எங்க மலையில ஒரு தெருவுல நான் நடந்து போனா, "அக்கா இவன் உன் வண்டில பொறந்தவன்"னு ஒரு வாலு இல்லாத கொரங்க இழுத்துட்டு வந்து காட்டுவாங்க, அதுங்க என்னைப் பார்த்தா ஊசி போட வந்திருக்கேன்னு ஓடும். அந்தத் தம்பிக்கு ஒருத்தர்தான் தெரிஞ்சாரு, எனக்கு ஒரே ஊருல நின்னதால நெறயப் பேரத் தெரியுது, அதனாலயோ என்னவோ. டவுன்ல இருந்திருந்தா நானும் இந்நேரம் போயிருப்பேன்.

நீ கேம்புக்குப் போ. எழுத்துப் பரீட்சை ஒண்ணு இருக்கும், உடம்பு பாகங்க, முதலுதவி இதுல கேப்பாங்க, அப்புறம் நேர்ல பேசுவாங்க. ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம் எடுத்துட்டுப் போ, ஜெராக்ஸ் மட்டும் கொண்டு போய் திரும்பி வந்தவ நான். லேப் வேலைய உடனே விட்டுடாத, செலக்ட் ஆகி ட்ரெயினிங் தேதி வந்த பிறகு சொல்லு. ட்ரெயினிங்ல ஆஸ்பத்திரில நிக்க வைப்பாங்க, வண்டிலயும் அனுப்புவாங்க, அங்கயே உனக்குத் தெரிஞ்சிடும். எங்க பேட்ச்ல ஒரு பையன் மூணாவது நாளு பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டான், இப்ப பேக்கரி வச்சிருக்கான், நல்லாத்தான் இருக்கான். அப்பாவையும் கேம்புக்குக் கூட்டிட்டுப் போ, அங்க வந்திருக்கற பொண்ணுங்களப் பார்த்தா கொஞ்சம் எறங்கி வருவாரு.

முசிறிப்பொண்ணு:

அப்பாகிட்ட இந்தப் பக்கத்த படிச்சுக் காட்டினேன் அக்கா. எல்லாத்தையும் கேட்டாரு, ஒண்ணும் பேசல. கடைசில "அந்த நுங்குக்காரன்கிட்ட அந்தப் பையன் சொல்லியிருக்கணும்ல"ன்னு மட்டும் சொன்னாரு. கேம்ப் வியாழக்கிழமை. கூட வர்றேன்னு இன்னும் சொல்லல, ஆனா டூவீலருக்கு பெட்ரோல் போட்டு வச்சிருக்காரு.